பத்து நிமிஷ ஆபரேஷனும் பதினாலு மாசச் சொட்டு மருந்தும்

டிஸ்கி: நான் படித்தது பி.காம். பார்ப்பது பேங்க் உத்தியோகம். டாக்டர் இல்லை. இது ஒரு நோயாளியின் கணக்குப் புத்தகம், அவ்வளவுதான். உங்கள் கண்ணுக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான் சட்டம்.

கண்ணாடி போட்டவர்களுக்கு மட்டுமே புரிகிற சில கஷ்டங்கள் இருக்கின்றன. சாதம் வடிக்கும்போது ஆவி அடித்து உலகமே மறைந்து போவது. மழையில் ஸ்கூட்டி ஓட்டுவது. காலையில் எழுந்ததும் கண்ணாடியைத் தேடுவதற்கே இன்னொரு கண்ணாடி வேண்டியிருப்பது. எனக்கு மூன்றாம் வகுப்பில் ஆரம்பித்தது. பி.காம் முடிக்கும்போது இரண்டு கண்ணிலும் மைனஸ் 7. திருச்சியில் காலேஜில் என் பெயரை விட 'சோடாபுட்டி'தான் பிரபலம். பெண் பார்க்க வந்த அன்று அம்மா "ஒரு அஞ்சு நிமிஷம் கழட்டி வையேண்டி" என்று கெஞ்சினாள். நான் கழற்றவில்லை. கழற்றியிருந்தால் காபியை யார் மடியில் கொட்டியிருப்பேனோ! "அந்தக் கண்ணாடி வழியா நீ முறைச்ச முறையிலயே விழுந்துட்டேன்" என்று ரங்கமணி இன்றைக்கும் சொல்வார். (பொய். அவர் அன்று பஜ்ஜியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.)

2006-ல் நாக்பூருக்கு மாற்றல் ஆனது. இரண்டு வருஷம் கழித்து, கையில் கொஞ்சம் காசும், பிராஞ்சில் கூட வேலை பார்த்த ஒரு மராட்டிப் பெண் கண்ணாடியைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து நின்ற தைரியமும் சேர்ந்து, நானும் லேசர் பண்ணிக்கொள்வது என்று முடிவெடுத்தேன். அவளுக்குச் செய்தது லேசிக். எனக்கு அது முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று டாக்டர் சொன்ன கணக்கை அப்படியே எழுதுகிறேன். பேங்க்காரிக்குக் கணக்காகச் சொன்னால்தான் மண்டையில் ஏறும்.

கண்ணின் முன்னால் வாட்ச் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறதே, அதுதான் கார்னியா. என்னுடையது நடுவில் 502 மைக்ரான் கனம், அதாவது சுமார் அரை மில்லிமீட்டர். ஒரு பவரைக் குறைக்க ஏறக்குறைய 14 மைக்ரான் செதுக்க வேண்டும். ஏழு பவருக்கு 98. லேசிக்கில் முதலில் மேலே ஒரு மூடி மாதிரி வெட்டித் திறந்து, உள்ளே செதுக்கிவிட்டு, மூடியைத் திரும்ப வைத்துவிடுவார்கள். அந்த கிளினிக்கில் அன்று இருந்த பிளேடு மெஷினில் மூடிக்கே 160 மைக்ரான் ஆகும். 502-ல் 160 போக, 98 போக, பாக்கி 244. மூடிக்கு அடியில் 250-ஆவது மிஞ்ச வேண்டும் என்பது விதி. "மினிமம் பேலன்ஸ் இல்லை மேடம்" என்றார் டாக்டர்.

ஆகவே எனக்கு பி.ஆர்.கே. இதில் மூடி கிடையாது. கார்னியாவின் மேல்தோலை மட்டும் வழித்து எடுத்துவிட்டு நேராக அதன் அடியில் லேசர். மேல்தோல் 50 மைக்ரான்தான். மூன்று நான்கு நாளில் தானாகவே வளர்ந்து மூடிக்கொள்ளும். அதனால் அது கணக்கில் வராது. லேசிக்குக்கு முன்னால் வந்தது இதுதான், அமெரிக்காவில் 1995-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. பழசு என்று ஒதுக்கப்படவும் இல்லை. மெல்லிய கார்னியாக்காரர்களுக்கு இன்றும் செய்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு சின்ன பெருமை பேசிக்கொள்கிறேன். இந்த லேசர் ஆபரேஷன்களுக்கு மூலகாரணமான எக்ஸைமர் லேசரால் உடம்புத் திசுவைச் சூடு படாமல், பக்கத்தில் கருகாமல் செதுக்கலாம் என்று கண்டுபிடித்த மூவரில் ஒருவர் ரங்கசாமி சீனிவாசன். மெட்ராஸ் யூனிவர்சிட்டியில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. 1981 நவம்பரில், அவர்கள் ஊர் நன்றி நவிலல் பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை மறுநாள் லேபுக்கு எடுத்துப் போய் லேசரைக் காட்டிப் பார்த்தாராம். சுத்தமான கோடு விழுந்தது. மற்ற இருவர் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம். நம் வீட்டில் மிஞ்சினது எல்லாம் மறுநாள் உப்புமாவோடு முடிந்துவிடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

2008 பிப்ரவரி. ஆபரேஷன் நிஜமாகவே பத்து நிமிஷம்தான். கண்ணை மரக்கவைக்கச் சொட்டு மருந்து, இமையை விரித்துப் பிடிக்க ஒரு கிளிப், எதிரே மினுக்கும் விளக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, டக் டக் டக் என்று சத்தம், முடி பொசுங்குகிற மாதிரி ஒரு வாசனை. எழுந்து உட்கார்ந்தால் சுவர்க் கடிகாரத்தில் மணி தெரிந்தது. அழுதுவிட்டேன். அடுத்த மூன்று நாள் வேறு விதமான அழுகை. பச்சை மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைக் கசக்கின மாதிரி. மேல்தோல் இல்லாத கண் அல்லவா! கட்டுக்குப் பதிலாக ஒரு கான்டாக்ட் லென்ஸ் வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் அதை எடுத்தார்கள். அதற்குப் பின் இரண்டு மாசம் சொர்க்கம். ஃபேன் இறக்கையில் ஒட்டியிருந்த தூசி வரை தெரிந்தது. (தெரிந்ததும் துடைக்க வேண்டியதாயிற்று என்பது வேறு கதை.)

கையில் கொடுத்த சீட்டு இன்னும் என் பைலில் இருக்கிறது. ஸ்டீராய்டு சொட்டு ஒரு மாசம். அதற்குப் பிறகு கண்ணீர் மாதிரியான சொட்டு. கருப்புக் கண்ணாடி ஒரு வாரம், தூசிக்காக. அவ்வளவுதான். சீட்டில் இருந்ததை வரி விடாமல் செய்தேன். ரங்கமணி மணி போட்டு டிக் அடித்த காகிதமும் அந்தச் சீட்டோடு பின் பண்ணி இருக்கிறது.

மே மாசம் வந்தது. நாக்பூர் மே மாசத்தைப் பற்றி அங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். 45 டிகிரி. துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு, கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் ஆபீஸ் போவேன். அந்த மாசம் இரண்டாவது வாரம், வெளியிலிருந்து உள்ளே வந்தால் ட்யூப் லைட்டைச் சுற்றி ஒரு வட்டம். முதலில் வெயில் என்று நினைத்தேன். பிறகு எல்லாவற்றின் மேலும் ஒரு மெல்லிய பால் பூச்சு. மார்கழிக் காலையில் பஸ் ஜன்னலைத் துடைக்காமல் பார்ப்பது போல. மங்கல் என்று சொன்னால் சரியாக வராது. எழுத்து தெரிகிறது, கோடும் தெரிகிறது. ஆனால் எழுத்துக்கும் காகிதத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய வித்தியாசம் குறைந்துபோய்விட்டது.

மற்ற வேலையில் இது எப்படியோ, எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்போது நான் கிளியரிங் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் ஸ்கிரீனில் கஸ்டமரின் மாதிரிக் கையெழுத்து, இன்னொரு பக்கம் கையில் செக். வெளிர் நீல மசியில் கிறுக்கிய கையெழுத்தில் கடைசிச் சுழி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத்தான் பாஸ் பண்ண வேண்டும். போலிக் கையெழுத்தை விட்டுவிட்டால் கையெழுத்துப் போட்டுப் பதில் சொல்ல வேண்டியது நான். அப்போது புழக்கத்தில் இருந்த ஆயிரம் ரூபாய் நோட்டில் காந்தி நீரோட்டம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் சரியாகத் தெரியவில்லை. சந்தேகமான செக்கையெல்லாம் ஜன்னல் பக்கம் எடுத்துப் போய்ப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரரை "ஒருமுறை நீங்களும் பாருங்க" என்று கேட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவை கேட்கலாம். இருபது தடவை? அந்த வருஷம் பிரமோஷன் பரீட்சை வேறு. ராத்திரி எதிரே வரும் லாரி விளக்கு வெடித்துச் சிதறியது. இருட்டின பின் ஸ்கூட்டியைத் தொடுவதை நிறுத்தினேன்.

ஆபரேஷன் செய்த கிளினிக்குக்கு இரண்டு முறை போனேன். சார்ட்டைப் படிக்கச் சொன்னார்கள். கடைசிக்கு முந்தின வரி வரை படித்தேன். "சூப்பர் மேடம், வறட்சிதான்" என்று கண்ணீர்ச் சொட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சார்ட் இருக்கிறதே, இருட்டு அறையில் வெள்ளை வெளிச்சத்தில் கன்னங்கரேல் என்று எழுத்து. அது யாருக்கும் தெரியும். வாழ்க்கையில் யாரும் அப்படி எழுதித் தருவதில்லை. இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதற்குத் தனி சோதனையே இருக்கிறதாம். அதை யாரும் எனக்கு அங்கே செய்யவில்லை.

ஜூனில் லீவு போட்டுச் சென்னை போனேன். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், என் அம்மா வயதுள்ள ஒரு டாக்டரம்மா ஸ்லிட் லேம்ப்பில் முகவாயை வைக்கச் சொல்லி ஒரு நிமிஷம் பார்த்தார். "ஹேஸ்மா. ரெண்டு கண்லயும். கிரேடு டூ" என்றார். பூஜ்யம் முதல் நாலு வரை போடுவார்களாம். நாலு என்றால் வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருக்கும் கருவளையமே சரியாகத் தெரியாத அளவு வெள்ளை.

ப்ரிஸ்கிரிப்ஷனின் பின்பக்கம் அவர் படம் போட்டு விளக்கியது இன்னும் மறக்கவில்லை. கார்னியா ஏன் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது தெரியுமா? அதற்குள் இருக்கும் கொலாஜன் இழைகள் எல்லாம் ஒரே மெல்லிய அளவு, ஒரே இடைவெளி. பாவு நூல் ஓட்டின மாதிரி. அதனால் வெளிச்சம் சிதறாமல் உள்ளே போகிறது. அந்த இழைகளுக்கு நடுவே சில செல்கள் சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். மேல்தோலை எடுத்துவிட்டு லேசர் காட்டும்போது மேல்தோலுக்கு அடியில் இருக்கும் மெல்லிய அடித்தளமும் போய்விடுகிறது. புதுத் தோல் வந்ததும் அந்த அடித்தளமும் ஒழுங்காகத் திரும்பி வந்துவிட்டால் பிரச்சினை இல்லை. வராமல் இழுத்தடித்தால், "இங்கே காயம், வந்து அடை" என்கிற ரசாயனச் செய்தி மேலிருந்து கீழே கசிந்துகொண்டே இருக்கும். தூங்கின செல்கள் எழுந்து தழும்பு போடும் செல்களாக மாறிவிடும். அந்தச் செல்களே ஒளியைச் சிதறடிக்கும். அவை நெய்கிற இழையோ தாறுமாறு. முழங்காலில் அடிபட்டால் தழும்பு விழுகிறதே, அதே வேலைதான். முழங்காலுக்குத் தழும்பு இருந்தால் என்ன, நடக்கலாம். கண்ணில் விழுந்தால் வெளிச்சத்துக்கு வழி இல்லை.

லேசிக்கில் இது ஏன் அபூர்வம் என்று கேட்டேன். நடுவில் மேல்தோலும் அடித்தளமும் மூடியோடு அப்படியே இருப்பதால் அந்தச் செய்தி கீழே போவதில்லை என்றார். பி.ஆர்.கே.யிலும் லேசான மங்கல் நிறையப் பேருக்கு வந்து, அவர்களுக்கே தெரியாமல் சில மாசத்தில் போய்விடும். தொந்தரவு தரும் அளவுக்கு வருவது குறைவு. ஆனால் பவர் அதிகம், அதாவது செதுக்கும் ஆழம் அதிகம் என்றால் வாய்ப்பும் அதிகம். மைனஸ் 6-க்கு மேல் போனாலே டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள். அடுத்தது வெயில். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் அந்தச் செல்களை இன்னும் உசுப்பிவிடும். இரண்டு மூன்று மாசம் எல்லாம் நன்றாக இருந்துவிட்டு, கடும் வெயிலிலோ பனிமலையிலோ அலைந்த பின் திடீரென்று வரும் ஹேஸ் உண்டு என்று டாக்டரம்மா சொன்னபோது, ரங்கமணி மெதுவாக "நாக்பூர், மே மாசம், ஸ்கூட்டி" என்று முணுமுணுத்தார்.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. மைட்டோமைசின் என்று ஒரு மருந்து. கேன்சருக்குக் கொடுப்பது, ஜப்பானில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. செல்கள் பெருகுவதைத் தடுக்கும். லேசர் முடிந்த கையோடு, 0.02 சதவீதக் கரைசலில் நனைத்த சின்னப் பஞ்சை கார்னியா மேல் சில நொடியிலிருந்து இரண்டு நிமிஷம் வரை வைத்து, உடனே நன்றாகக் கழுவிவிட்டால் ஹேஸ் வருவது வெகுவாகக் குறைகிறது. 2000-க்குப் பிறகு பல இடங்களில் வழக்கத்துக்கு வந்துவிட்ட விஷயம். என் டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்தப் பெயரே இல்லை. மைனஸ் 7-க்கு ஏன் வைக்கவில்லை என்று கிளினிக்குக்குக் கடிதம் போட்டேன், அக்னாலெட்ஜ்மென்ட்டோடு. பதில் வரவில்லை.

சிகிச்சை என்ன? திரும்ப ஸ்டீராய்டு சொட்டு. கொஞ்சம் வீரியமானது, அடிக்கடி, பிறகு மாசக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து. இங்கேதான் இன்னொரு கண்ணி. ஸ்டீராய்டு சொட்டு சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றிவிடும். கவனிக்காமல் விட்டால் க்ளாகோமா, நரம்பு போனால் போனதுதான், திரும்பி வராது. ஆறாவது வாரம் எனக்கு அழுத்தம் 27. இருபத்தொன்று வரைதான் சாதாரணம் என்பார்கள். அதிலும் ஒரு சூட்சுமம் பாருங்கள்: லேசர் செய்து கார்னியா மெலிந்திருப்பதால் மெஷின் உள்ளதை விடக் குறைத்துத்தான் காட்டும். நிஜம் அதற்கும் மேலே. ஆக, ஹேஸுக்கு ஸ்டீராய்டு, ஸ்டீராய்டு ஏற்றிய அழுத்தத்துக்கு டிமோலால், இரண்டுக்கும் நடுவில் கண்ணீர்ச் சொட்டு, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிஷ இடைவெளி. ஆபீஸ் டிராயரில் வவுச்சரை விடச் சொட்டு பாட்டில் அதிகம். மாசம் ஒருமுறை அழுத்தம் பார்க்க நாக்பூரிலேயே வேறொரு டாக்டர், மூன்று மாசத்துக்கு ஒருமுறை சென்னை. பிரமோஷன் பரீட்சையை அந்த வருஷம் எழுதவில்லை. மேனேஜர் நல்ல மனுஷர், கிளியரிங்கிலிருந்து டெபாசிட் டெஸ்க்குக்கு மாற்றிவிட்டார்.

அதோடு கொஞ்சம் பவரும் திரும்பி வந்திருந்தது. ஹேஸோடு பெரும்பாலும் அதுவும் சேர்ந்தே வரும். மைனஸ் 1.25-க்குத் திரும்பக் கண்ணாடி! அம்மா போனில் "இதுக்கா இவ்ளோ பாடு?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை.

மொத்தம் பதினாலு மாசம். வலது கண் சுத்தமாகத் தெளிந்தது. இடது கண்ணில் ஒரு துளி இன்னும் இருக்கிறது, ஸ்லிட் லேம்ப்பில் பார்ப்பவருக்கு மட்டும் தெரியும், ராத்திரி நேரத்தில் எனக்கும். மருந்தில் போகாதவர்களுக்கு மேலாகச் சுரண்டியோ லேசரால் வழித்தோ எடுத்துவிட்டு மைட்டோமைசின் வைப்பார்கள். எனக்கு அது வரை போகவில்லை.

எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. லோன் சாங்ஷன் பண்ணுவது ஒரு நாள் வேலை. மாலை, போட்டோ, ஸ்வீட் எல்லாம் அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் பின்னால் போய்ப் பார்ப்பதில்தான் அந்தக் கடன் நல்ல கடனா வாராக்கடனா என்பது இருக்கிறது. பி.ஆர்.கே.யும் அப்படியே. லேசர் நின்ற நிமிஷத்தில் கண் தன் வேலையை ஆரம்பிக்கிறது. அது அளவாக ஆறுகிறதா, அளவுக்கு மீறி ஆறுகிறதா என்பது முதல் ஒரு வருஷத்தில் தெரியும். பேக்கேஜ் ரேட்டோ பத்தாவது நிமிஷத்தோடு முடிந்துவிடுகிறது. "மூன்றாவது மாசம் என்னை யார் பார்ப்பார்கள்?" என்ற கேள்விக்கு ரேட் கார்டில் கட்டம் கிடையாது.

2025 ஜனவரியில் அக்கா பெண் பெங்களூரிலிருந்து போன் பண்ணினாள். குட்டிமா. இருபத்தைந்து வயது, ஐ.டி.யில் வேலை, எங்களுக்கு இன்னும் குட்டிமாதான்.

"சித்தி, மார்ச்ல கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன். பத்து நிமிஷம்தானாம்."

"என்ன ஆபரேஷன்?"

"லேசர் சித்தி."

"லேசர் தெரியும்டா. எந்த வகை?"

கொஞ்ச நேரம் பேப்பர் புரட்டுகிற சத்தம். "பி.ஆர்.கே.ன்னு போட்டிருக்கு. எனக்குக் கார்னியா மெல்லிசாம்."

பவர் எவ்வளவு என்றேன். மைனஸ் 7.25. எங்கள் குடும்பச் சொத்து. நிலம் நீச்சு எதுவும் வராவிட்டாலும் இது மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. மேலே கேட்டால், ஏப்ரல் முதல் வாரம் பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் கண்ணாடி போக வேண்டும் என்பது அக்காவின் திட்டம். ஜூனில் ஆபீஸ் கூட்டத்தோடு லே, லடாக். டிக்கெட் போட்டாகிவிட்டது.

எனக்குக் கைகால் ஓடவில்லை. லே கடல் மட்டத்திலிருந்து 3,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் கூடும். அங்கே பனி இருந்தால் அது வேறு கண்ணாடி மாதிரி கீழேயிருந்தும் அடிக்கும். அதுவும் சரியாக மூன்றாவது மாசம்.

அக்காவிடம் பேசினேன். "ஏண்டி, உனக்கு ஆச்சுன்னா எல்லாருக்கும் ஆகணுமா?" என்றாள். நியாயமான கேள்விதான். எல்லோருக்கும் ஆகாது. பெரும்பாலானவர்களுக்கு ஆகவே ஆகாது. என்னோடு 2008-ல் அதே கிளினிக்கில் பண்ணிக்கொண்ட ஒரு பையன் இன்று வரை கழுகு மாதிரி பார்க்கிறான். ஆனால் பவரும் சேர்ந்து, மலை வெயிலும் சேர்ந்து நிற்கும்போது, மாற்றக்கூடியதை மாற்றிக்கொள்ளலாம் இல்லையா? "அதோட, பி.ஆர்.கே. பண்ணி ரெண்டு மூணு வாரத்துல பார்வை சரியா நிலைக்காது அக்கா. மாப்பிள்ளையே அவளுக்கு அரைகுறையாத்தான் தெரிவார்" என்றேன். அக்கா சிரித்துவிட்டாள். பாதி வேலை முடிந்தது.

வேண்டாம் என்று நான் குட்டிமாவிடம் சொல்லவில்லை. மைனஸ் 7 உள்ளவளிடம் கண்ணாடியிலேயே இரு என்று சொல்ல எனக்கு மனசு வராது. அந்தக் கடிகாரத்தில் மணி தெரிந்த நிமிஷம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. டாக்டரிடம் கேட்க வேண்டியதை மட்டும் எழுதி அனுப்பினேன். மைட்டோமைசின் வைப்பீர்களா, எத்தனை நொடி? ஸ்டீராய்டு சொட்டு எத்தனை மாசம், அழுத்தம் எந்தெந்தத் தேதியில் பார்ப்பீர்கள்? மூன்றாவது, ஆறாவது மாச செக்கப் பேக்கேஜில் சேர்த்தியா, பார்ப்பது ஆபரேஷன் செய்த டாக்டரா, வேறு யாரோவா? கார்னியாவைத் தொடாமல் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் ஐ.சி.எல். எனக்குப் பொருந்துமா? கல்யாணம் ஆகி உடனே குழந்தை என்றால் என்ன? (கர்ப்பத்தில் பவர் ஆடும், இந்த மருந்துகளும் ஆகாது, இடைவெளி வேண்டும். இதைப் பெண் பிள்ளைகளிடம் யாரும் முதலில் சொல்வதே இல்லை.) ஆபரேஷனுக்கு முந்தைய அளவுகளின் காப்பி கையில் வேண்டும் என்றும் எழுதினேன். அறுபது வயதில் புரை ஆபரேஷன் வரும்போது எந்த பவர் லென்ஸ் வைப்பது என்று கணக்குப் போட அது உதவும். லேசர் செய்த கண்ணுக்கு அந்தக் கணக்கு சுலபத்தில் சரியாக வராது.

அந்த டாக்டர் தங்கமானவர். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாராம். ஐ.சி.எல்லுக்கு அவள் கண்ணுக்குள் முன்பக்க ஆழம் போதவில்லை. பி.ஆர்.கே.தான், மைட்டோமைசினோடு. லே என்றதும், "முதல்ல போயிட்டு வந்துடுங்க, அப்புறம் பண்ணலாம்" என்று அவரே தேதியைத் தள்ளிவிட்டார்.

ஏப்ரலில் குட்டிமா கண்ணாடியோடுதான் உட்கார்ந்தாள். அந்த ஜாதகம் பொருந்தவில்லை. செவ்வாய் தோஷமாம், பவர் தோஷம் இல்லை. ஜூனில் லே போய் வந்தாள், பாங்காங் ஏரிக் கரையில் சோடாபுட்டியோடு ஒரு போட்டோ. ஜூலை கடைசியில் ஆபரேஷன். மூன்று நாள் அழுதாள். நான் லீவு போட்டுப் போய்ச் சொட்டு போட்டுவிட்டேன். எனக்கும் இப்போது சாளேசுரம் வந்துவிட்டதால் பாட்டில் மேல் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்க வாசிப்புக் கண்ணாடி தேவைப்பட்டது. லேசர் பண்ணினாலும் நாற்பதுக்கு மேல் இது வந்தே தீரும், அதற்கு விதிவிலக்கு கிடையாது. "சித்தி, நீங்க கண்ணாடி, நான் கண்ணாடி இல்ல" என்று கண்ணை மூடிக்கொண்டே கிண்டல் வேறு.

இப்போது ஐந்தாவது மாசம். போன வாரம் செக்கப். ரிப்போர்ட்டை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினாள். இடது கண் சுத்தம். வலது கண்ணில் 'ட்ரேஸ்' என்று எழுதியிருக்கிறது, அரை கிரேடு. அழுத்தம் 13, 14. பவர் பூஜ்யம், கால். டாக்டர் வலது கண்ணுக்கு மட்டும் ஸ்டீராய்டை இன்னும் ஆறு வாரம் நீட்டியிருக்கிறார், நாலு வாரத்தில் அழுத்தம் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்.

நேற்று அக்கா போன் பண்ணினாள். "மலைக்கோட்டையில ஏறும்போதும் அந்தக் கருப்புக் கண்ணாடியைக் கழட்ட மாட்டேங்கறாடி. எதிர்வீட்டு மாமி என்ன, பொண்ணு சினிமாவுல சேர்ந்துட்டாளான்னு கேக்கறா."

"ஆமான்னு சொல்லிடு" என்றேன்.